டாக்டர் பட்டத்துக்குப் பிறகு என்ன?

எங்கள் கல்லூரிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு நாள் மாலை என்னை மடக்கிக்கொண்டார். அவருடைய மூத்த மகன் என்னிடம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். பிறகு எம்.எஸ்ஸி. முடித்து, வெளியூரில் ஐந்து ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, அண்மையில்தான் டாக்டர் பட்டம் பெற்றிருந்தான்.

“சார், பட்டம் வாங்கியாச்சுன்னு சொல்றான். பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமாம். பெறகு எதுக்கு சார் இன்னும் ரெண்டு மூணு வருசம்? கேட்டா போஸ்ட் டாக்குங்கான். அது படிப்பா, வேலையா?”

“ரெண்டுந்தான் அண்ணாச்சி” என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. பருப்பை நிறுத்துக்கொண்டே, “ரெண்டும்னா எப்படி சார்?” என்றார்.

மாணவர்களே, இந்தக் கேள்வி உங்களுக்கு வெகு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது உங்களுக்கு 17 அல்லது 18 வயது. இளங்கலை முடிய 21. முதுகலை முடிய 23. ஆராய்ச்சிப் பட்டம் பெற 28. ‘விஞ்ஞானி ஆகப்போகிறேன்’ என்று உங்களில் பலர் கட்டுரை எழுதுகிறீர்கள். ஆனால் 28 வயதில் என்ன நடக்கிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் விஞ்ஞானி திடீரென்று ஆய்வுக்கூடத்தில் தோன்றிவிடுகிறார். அவரை அங்கே உட்கார வைத்தவர் யார், சம்பளம் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை. எனவே அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சி என்பது கிணற்றில் நீந்தக் கற்பது போன்றது. இடுப்பில் கயிறு இருக்கும். மேலே வழிகாட்டி ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். பட்டம் வாங்கியதும் கயிறு அவிழ்கிறது. ஆனால் அந்த ஒரு கிணற்றில் மட்டுமே நீந்தியவரை நம்பி எந்தப் பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வுக்கூடத்தை ஒப்படைத்துவிடாது. வேறோர் இடத்தில், வேறொரு தலைவரின் கீழ், வேறொரு சிக்கலில் அவர் தன் திறமையைக் காட்ட வேண்டும். அதற்காக இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படும் தற்காலிக ஆராய்ச்சிப் பணிதான் போஸ்ட் டாக். இதில் தேர்வு கிடையாது. முடிவில் புதிய பட்டமும் கிடையாது. சம்பளம் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், புதிதாகப் பட்டம் பெற்றுத் தன் உதவித்தொகையில் சேருவோருக்கு 2024 இல் நிர்ணயித்த ஆண்டுத் தொகை 61,008 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அந்த நாட்டின் பெருநகரங்களில் வீட்டு வாடகையே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. “இவன் படிச்சது இயற்பியல். இப்போ காசநோய், மருந்துங்கான். ஆஸ்பத்திரிச் சங்கதில இவனுக்கு என்ன சார் வேலை?”

எண்களோடு உயிரியலுக்குள்

நம் உடலில் ஓடியாடி வேலை செய்பவை புரதங்கள். புரதம் என்பது 20 வகை மணிகளைக் கோத்த மாலை. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். இந்த மாலை நீட்டமாகக் கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட உருவத்தை எடுக்கிறது. உருவம் சரியாக அமைந்தால்தான் வேலை நடக்கும்.

நூறு மணிகள் கொண்ட ஒரு சிறு மாலையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணியும் மூன்றே மூன்று நிலைகளில்தான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உருவங்கள் எத்தனை? மூன்றை நூறு தடவை பெருக்க வேண்டும். விடை 5 என்ற எண்ணுக்குப் பின்னால் 47 சுழியங்கள். ஒரு வினாடியில் பத்து லட்சம் கோடி உருவங்களைச் சோதித்துப் பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 1.6 என்ற எண்ணை 10 இன் 27ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் அத்தனை ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தாம்! ஆனால் உங்கள் உடலில் இப்படிப்பட்ட சிறு புரதம் கண்ணிமைக்கும் நேரத்தில் மடிந்துவிடுகிறது. 1969 இல் சைரஸ் லெவிந்தால் என்ற அமெரிக்கர் இந்தப் புதிரை எடுத்துவைத்தார். அவர் முதலில் படித்தது இயற்பியல். காகிதத்தை எடுத்து இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். மடக்கை வாய்பாடு தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

இந்தத் துறையின் முதல் பெரிய அடி ஒன்று சென்னையில் எடுத்து வைக்கப்பட்டது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. மாலையின் ஒவ்வொரு மணியருகிலும் இரண்டு பிணைப்புகள் சுழல முடியும். அந்தச் சுழற்சிக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கவும் முடியாது. அப்படியானால் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம்? மேசைக் கணக்கிடு கருவியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோணத்துக்கும் அணுக்களின் இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி ‘முடியாது’ என்று அடைபட்டுப் போயிற்று. மிஞ்சியவை சில சிறு தீவுகள் மட்டுமே. இன்றுவரை உலகில் எங்கே ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று சோதிக்க ராமச்சந்திரன் படத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் படத்தை வரைந்தவர்கள் உயிரியல் பட்டதாரிகள் அல்லர் என்பதை அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். கண்டறியப்பட்ட புரத உருவங்களைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கி 1971 இல் ஏழே ஏழு உருவங்களோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன. அவற்றைப் பாடமாகக் கொண்டு பயின்ற ஆல்ஃபாஃபோல்டு என்ற கணிப்பொறி நிரல், மணிகளின் வரிசையை மட்டும் கொடுத்தால் உருவத்தைச் சொல்லும் போட்டியில் 2020 இல் மற்றவர்களைத் திகைக்க வைத்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த ஜான் ஜம்பர் இளங்கலையில் படித்தது இயற்பியலும் கணிதமும். 2017 இல்தான் டாக்டர் பட்டம் பெற்றார். 2024 இல் டெமிஸ் ஹசாபிஸ், டேவிட் பேக்கர் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘இனி இந்தத் துறையில் செய்ய என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருவம் தெரிவது ஒரு புகைப்படம் கிடைப்பது போன்றது. ஆள் எப்படி நடப்பான் என்று புகைப்படம் சொல்லாது.

இனி காசநோய்க்கு வருவோம். அந்தக் கிருமியின் மரபுச் செய்தி சுமார் 44 லட்சம் எழுத்துகளால் ஆனது. 1998 இல் அது முழுவதுமாகப் படிக்கப்பட்டது. ரிஃபாம்பிசின் என்பது காசநோய்க்கு முக்கியமான மருந்து. கிருமியின் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடும். அந்தப் புரதத்தில் 450ஆம் மணியைக் குறிக்கும் இடத்தில் ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். மருந்து ஒட்டாது, நோயாளி மாத்திரை விழுங்கிக்கொண்டே இருப்பார், கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். கிருமியை வளர்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். எழுத்துகளைப் படித்துக் கணிப்பொறியால் ஒப்பிட்டால் அதைவிட வெகு விரைவில் சொல்லிவிடலாம். எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து தோற்கும் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்டது. 38,000க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஒப்பிட்டுத் தயாரித்த பட்டியல் அது. இத்தனை மாதிரி, ஒவ்வொன்றிலும் இத்தனை லட்சம் எழுத்து. இதை யார் கண்ணால் பார்த்து முடிப்பது? இங்கேதான் நிகழ்தகவும் புள்ளியியலும் கணிப்பொறி நிரலும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

“அப்போ இவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கலாமே?” என்றார் அண்ணாச்சி.

கூப்பிட மாட்டார்கள். அதுதான் சங்கடம்.

நாற்பது கடிதங்கள்

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதுகலை முடித்த ஆண்டில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர ஆசைப்பட்டேன். கணிப்பொறி மையத்தில் உட்கார்ந்து, நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். ‘மதிப்புக்குரிய ஐயா, எனக்குத் தங்கள் துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு. நான் கடுமையாக உழைப்பேன்.’ எந்தத் துறை என்று கடிதத்தில் இல்லை. ஒருவருக்குப் போன கடிதத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. இரண்டு பதில்கள் வந்தன. இரண்டுமே ‘இடமில்லை’. உலகம் என்னைப் புறக்கணித்துவிட்டதாக ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்தக் கடிதத்தைப் படித்தால் நானே பதில் போட மாட்டேன்.

ஆய்வுக்கூடத் தலைவர் ஒருவருக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் நாள்தோறும் வருகின்றன. அவர் தேடுவது ஆர்வத்தை அல்ல. அவருடைய சிக்கலைத் தீர்க்கக்கூடிய ஆளை. ஆகவே கடிதத்துக்கு முந்திய வேலை படிப்பது. பிடித்த ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதன் ஆசிரியர் வரிசையைப் பார்க்க வேண்டும். உயிரியலில் பெரும்பாலும் கடைசிப் பெயர்தான் ஆய்வுக்கூடத் தலைவருடையது. அவருடைய சமீபத்திய கட்டுரைகள் மூன்றையாவது படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும்.

அண்ணாச்சி மகன் எழுதிய கடிதங்களில் ஒன்றை எனக்குக் காட்டினான். ஒரே பக்கம். ‘உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தில், ஒரே எழுத்து மாற்றம் உள்ள இரண்டு கிருமி வகைகள் மருந்தை வெவ்வேறு அளவில் எதிர்க்கின்றன. உருவத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கவில்லை; புரதத்தின் அசைவில் காரணம் இருக்கலாம். நான் ஐந்து ஆண்டுகள் சங்கிலி மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டிருக்கிறேன். அதே முறையை இங்கே பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.’ அதன் கீழே, தான் எழுதிய நிரல்களை யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கும் இணைய முகவரி. என்னுடைய நாற்பதையும் அவனுடைய ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பையன் என்னிடம் படித்தவன் அல்லவா?

கடிதம் பிடித்துப்போனால், விண்ணப்பதாரரை அறிந்த மூன்று பேரிடம் பரிந்துரை கேட்பார்கள். அதில் ஒருவர் கட்டாயம் டாக்டர் பட்ட வழிகாட்டி. ஐந்தாண்டு ஒருவரோடு மட்டுமே பேசிப் பழகியவருக்கு மற்ற இரண்டு பேருக்கு எங்கே போவது? கருத்தரங்குகளில் ஒரு மூலையில் தேநீரோடு நின்றுவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு மணி நேரச் சொற்பொழிவு, இப்போது பெரும்பாலும் கணிப்பொறித் திரை வழியாக. அந்த ஆய்வுக்கூடத்தில் உள்ள இளைஞர்களும் கேள்வி கேட்பார்கள். நாமும் அவர்களைக் கேட்க வேண்டும். இங்கிருந்து போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கணிப்பொறி வேலை செய்பவரின் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது என்று. இரண்டாவது கேள்வி முக்கியம். நோயாளிகளிடம் மாதிரி எடுத்தவர், சோதனைக் குழாய் பிடித்தவர், கணக்குப் போட்டவர் என்று பலர் சேர்ந்த வேலையில், கணக்குப் போட்டவர் பெயர் நடுவில் புதைந்துபோவது உண்டு. அடுத்த வேலை தேடும்போது அந்தப் பெயரின் இடம்தான் பேசும்.

பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஆய்வுக்கூடத் தலைவர் பெற்ற மானியத்திலிருந்து. மானியம் நின்றால் வேலையும் நிற்கும். 2025 இல் அமெரிக்காவில் பல ஆராய்ச்சி மானியங்கள் திடீரென்று நிறுத்தப்பட்டன; பல பல்கலைக்கழகங்கள் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்தன. சிக்கல் என்னவோ பெரியவர்களுடையது, அடி விழுந்தது இளையவர்களுக்கு. மற்றொரு வழி, ஆராய்ச்சியாளர் தாமே போட்டியிட்டு வாங்கும் உதவித்தொகை. நம் நாட்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்பின் கீழ் வரும் தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்கானது. வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் சலுகை உண்டு. ஐரோப்பாவுக்குப் போக மேரி கியூரியின் பெயரால் அமைந்த உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹியூமன் ஃபிரான்டியர் அமைப்பு, இயற்பியல், கணிதம், கணிப்பொறியியல் போன்ற வேற்றுத் துறைகளில் பட்டம் பெற்று உயிரியலுக்கு மாற விரும்புவோருக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. இவற்றில் போட்டி கடுமை. விண்ணப்பித்து முடிவு தெரிந்து சேர ஓர் ஆண்டுகூட ஆகலாம். பட்டம் கைக்கு வந்த பிறகு தேடத் தொடங்குபவர் ஓராண்டை வீட்டில் கழிக்க நேர்வது இதனால்தான். அண்ணாச்சி மகன் செய்த ஒரே தவறு அது.

இன்னொன்று: வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று எவராவது எழுதினால் அது மோசடி. உண்மையான ஆய்வுக்கூடம் சம்பளம் கொடுக்கும், வாங்காது.

ஐம்பது முறை ‘இல்லை’

இதையெல்லாம் சரியாகச் செய்தால் வேலை நிச்சயமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிதம்பரத்தில் 1952 இல் பிறந்து, பரோடாவில் வளர்ந்து இயற்பியல் படித்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். 1976 இல் அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் மனம் உயிரியலில் கிடந்தது. கையில் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு, மனைவி குழந்தைகளோடு கலிஃபோர்னியாவுக்குப் போய், மறுபடியும் முதலிலிருந்து உயிரியல் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அறிவியல் இதழ் ஒன்றில் ரைபோசோம் பற்றிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. உயிரணுவுக்குள் புரத மாலையைக் கோக்கும் பட்டறைதான் ரைபோசோம். அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவரான பீட்டர் மூரின் ஆய்வுக்கூடத்தில், யேல் பல்கலைக்கழகத்தில், 1978 இல் போஸ்ட் டாக்காகச் சேர்ந்தார். நியூட்ரான்களைச் சிதறடித்து ரைபோசோமின் உறுப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்தார். இயற்பியல் வீண் போகவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பணி தேடினார். ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆண்டு, பிறகு புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் என்று போயிற்று. ரைபோசோமை மட்டும் விடவில்லை. 2000 இல் கேம்பிரிட்ஜிலிருந்து அதன் சிறு பாகத்தின் அணு அமைப்பை வெளியிட்டார்; பல உயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதும் தெரிந்தது. 2009 இல் நோபல் பரிசு. ஐம்பது தடவை மறுக்கப்பட்ட எல்லாருக்கும் இப்படி நடந்துவிடாது; அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போஸ்ட் டாக் ஆனவர்களில் பலர் பிறகு மருந்துக் கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளின் தரவுப் பிரிவுகளுக்கும் கணிப்பொறி நிறுவனங்களுக்கும் போகிறார்கள். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசைப்பட்டது அதுவல்ல என்றால் மனம் வலிக்கத்தான் செய்யும்.

உங்களுக்கு இப்போதே செய்ய ஆசையிருந்தால் ஒன்று உண்டு. புரதத் தரவு வங்கி யாருக்கும் இலவசம்; செல்பேசியிலேயே திறக்கலாம். ஹீமோகுளோபினைத் தேடி எடுத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். பிறகு அதன் ராமச்சந்திரன் படத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான புள்ளிகள் அந்தத் தீவுகளுக்குள் வந்து விழுந்திருப்பதைக் காண்பீர்கள்.

அண்ணாச்சி மகன் பதினேழு கடிதங்கள் எழுதினான். ஒன்பதுக்குப் பதிலே இல்லை. ஐந்தில் ‘மானியம் இல்லை’. மூன்று பேர் பேச அழைத்தார்கள். கடைசி நேர்காணல் ஒரு வியாழக்கிழமை, நம் நேரப்படி இரவு எட்டரை மணி. வீட்டில் இணையத் தொடர்பு சரியில்லை என்று கடை மாடியில் உட்கார்ந்து பேசினான். வியாபார நேரம், ஆனாலும் சத்தம் கேட்கக்கூடாது என்று அண்ணாச்சி எட்டு மணிக்கே கடையை அடைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாக வந்தபோது, விரலை வாயில் வைத்து ‘சத்தம் போடாதீங்க’ என்று சைகை காட்டினார்.

பத்து நாள் கழித்து இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு. வேலை திருப்தியாக இருந்தால் மூன்றாம் ஆண்டும் உண்டு. செய்தியைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி ஒரு கடலை மிட்டாயை என் கையில் வைத்தார்.

“மூணு வருசம் கழிச்சு, சார்?”

“மறுபடியும் கடிதம் எழுதணும் அண்ணாச்சி” என்றேன்.